குறி தப்பிய கோடு

டாக்டர் அனிபால் லான்ஸானியின் அறிக்கை கனத்த தாளில் அச்சிடப்பட்டு, அசல் தோல் அட்டைக்குள் தைக்கப்பட்டிருந்தது. அட்டையின் மேல் அவருடைய பெயர் பொன்னெழுத்தில் மின்னியது. படித்து முடித்த ஹெர்மினியா ஸ்காலிஸே, அந்தத் தோலுக்காக உயிரை விட்ட மாட்டை நினைத்து வருந்தினாள்.

“எப்படி இருக்கு மேடம்?”

“தையல் நல்லா இருக்கு.”

“உள்ள?”

“உள்ள லான்ஸானி இருக்கார்.”

கேட்டவன் அவளுடைய உதவியாளன் துலியோ. முன்பு டாக்ஸி ஓட்டியவன். டாக்ஸியை விற்றபோது நாக்கையும் சேர்த்து விற்க மறந்துவிட்டான். ஹெர்மினியா ஆலை விபத்துகளை மட்டுமே துப்புத் துலக்குபவள். கொலைகாரர்களுக்குப் பொய் சொல்லும்போது வியர்க்கவாவது செய்கிறது, நிபுணர்களுக்கு அதுகூட இல்லை என்பது அவள் கட்சி.

மேசைக்கு எதிரே ஃபாபியன் அயாலா குனிந்து உட்கார்ந்திருந்தான். புவெர்த்தோ மெரீனோ துறைமுகத்தின் அந்தக் காப்பிக் கடையில் அவனுக்கு வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. ரசாயன ஆலையில் ரியாக்டரை ஓட்டியவன் அவன். விபத்தன்று அதிகாலை அவன் பொறுப்பிலிருந்த ரியாக்டரின் குழாய்கள் திடீரென்று பழுத்துச் சிவந்து வெடித்தன. அருகே நின்ற ரோலோனுக்கு உடம்பெல்லாம் தீக்காயம். அளவுகளைப் பதிவு செய்த கருவிகளும் எரிந்துபோயின. மிச்சம் இருந்தது லான்ஸானியின் கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கின்படி, ஆலை நிர்ணயித்திருந்த வெப்பத்தில் ரியாக்டருக்கு ஒரே ஒரு நிலைதான் சாத்தியம். அது சாந்தமான நிலை. ஆகவே அயாலாவின் கைதான் சூட்டைக் கூட்டியிருக்க வேண்டும். ஆள் செய்த தவறு என்றால் ஆலைக்குக் காப்பீடு கிடைக்கும். ஆலையின் தவறு என்றால் கிடைக்காது. அறிக்கை நாளைக் காலை நீதிபதியின் மேசைக்குப் போகிறது.

“நான் தொடல,” என்றான் அயாலா. “அந்த வால்வுப் பக்கமே நான் போகல.”

“ஜெயிலுக்குப் பயப்படறியா?” என்றாள் ஹெர்மினியா.

அயாலா சற்று யோசித்தான்.

“ரோலோனோட மூத்த பையனுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப நான்தான் தூக்கி நின்னேன் மேடம். நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் பொண்டாட்டி தெல்மா வராந்தாவுல சொந்தக்காரங்களுக்கு மாத்தே ஊத்திக் குடுத்துக்கிட்டிருந்தா. எனக்கு இந்தப் பக்கம் இருந்தவனுக்குக் குடுத்தா. அந்தப் பக்கம் இருந்தவளுக்குக் குடுத்தா. நான் நடுவுல உக்காந்திருந்தேன். திட்டியிருந்தாக்கூடத் தேவலாம்.”

மாத்தே அந்த ஊரின் வழக்கம். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், உட்கார்ந்திருப்பவர் எல்லோரையும் சுற்றிவரும் கசப்புப் பானம். அந்தச் சுற்றில் ஒருவனைத் தாண்டிப் போவதென்றால், அவன் அங்கே உட்கார்ந்திருக்கவே இல்லை என்று ஊரறியச் சொல்வது.

ஹெர்மினியா அறிக்கையின் கடைசிப் படத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். இடமிருந்து வலமாக ஏறித் தாழ்ந்து சாந்தமாக ஓடிய ஒரு வளைகோடு.

“துலியோ, இதுல வாயு இந்தப் பக்கம் குழாய்க்குள்ள நுழையுது, அந்தப் பக்கம் வெளிய போகுது. உள்ள எந்த இடத்துல எவ்வளவு சூடுன்னு கோடு சொல்லுது. இந்தக் கணக்குல ரெண்டு முனையிலயும் விதி உண்டு. வெளியேறுற முனையில விதி என்னன்னா, கோடு மட்டமாப் படுத்துடணும். ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது.”

சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை எடுத்து அதன் நேர் விளிம்பைக் கோட்டின் வலது முனையில் பொருத்தினாள். விளிம்பை விட்டுக் கோடு மயிரிழை அளவு மேலே விலகி நின்றது.

“வாலைத் தூக்குது,” என்றான் துலியோ. “எங்க வீட்டு நாயும் திருடித் தின்னா இப்படித்தான் நிக்கும்.”

“எந்த முறையில போட்டதா எழுதியிருக்கார்?”

துலியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடைக் குரலில் படித்தான். “‘உலகறிந்த எனது வலை முறையின்படி.’ உலகத்துக்கு வேற வேலை இல்ல போல.”

“வெளிய பார்.”

கண்ணாடிக்கு அப்பால் இறால் வலைகளைக் கம்பங்களில் கட்டி உலர்த்தியிருந்தார்கள். தெற்குக் காற்றில் அவை உப்பித் தணிந்தன.

“வலை எங்க தொய்யுது?”

“நடுவுல.”

“முனையில?”

“முனையில எப்படித் தொய்யும்? கம்பத்துல கட்டியிருக்கே.”

“வலை முறையும் அதேதான். ரெண்டு முனையையும் முதல்லயே விதியில கட்டிட்டுத்தான் நடுவுல கணக்கு. தப்பு வந்தா நடுவுல வரும். முனையில வரவே வராது. இன்னொரு முறை இருக்கு, எய்தல் முறை. இந்த முனையில நின்னு ஒரு ஊகத்தை வெச்சு அம்பு மாதிரி கோட்டை விடறது. அந்த முனையில குறியில விழுந்தாச் சரி. இல்லன்னா ஊகத்தை மாத்தி மறுபடி விடணும். அது தப்பினா எங்க தப்பும்?”

“அந்த முனையில.” துலியோ நிமிர்ந்தான். “அப்ப இது வலை இல்ல. எவனோ அம்பு விட்டிருக்கான்.”

“அம்பு விடறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. தப்பின அம்பெல்லாம் எங்க விழுதுன்னு கண்ணு போகும். இந்த மாதிரி ரியாக்டர்ல அதே வாயு, அதே வெப்பம், விடை மட்டும் மூணு இருக்கலாம். ஒண்ணு சாந்தம். ஒண்ணு நெருப்பு. இடையில ஒண்ணு, அது நிக்காது.”

“ஒரே கேள்விக்கு மூணு பதிலா? நிதி மந்திரியாப் போகலாமே.”

“சாந்தமா ஓடிக்கிட்டிருக்கறப்ப வாயு ஒரு தடவை விக்கினாப் போதும். நெருப்புக்குத் தாவிடும். அதுக்கு யாரும் எதையும் தொட வேண்டியதில்ல.”

அயாலா முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான். “யாரும் தொடாமலேயா?”

“யாரும்.”

“அப்ப ‘ஒரே நிலைதான் சாத்தியம்’னு...”

“எழுதினவன் முட்டாளா இருக்கணும், இல்ல நெருப்பு விடையப் பார்த்தும் மறைச்சவனா இருக்கணும். முட்டாள்தனத்தை நீதிபதிங்க மதிப்பாங்க. மறைச்சான்னு காட்டினாத்தான் நீ தப்பிப்ப. அம்பு விட்ட ஆளைக் கண்டுபிடிக்கணும்.” ஹெர்மினியா அறிக்கையை மூடினாள். “வண்டியை எடு. அது ஸ்டார்ட் ஆச்சுன்னா.”

ஸ்டார்ட் ஆயிற்று. லான்ஸானியின் ஆய்வு நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் காற்று அந்தப் பழைய ரெனோ காரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது.

“அந்த டாக்டரே விட்டிருந்தா?” என்றான் துலியோ.

“லான்ஸானியா? கசாப்புக் கடைக்காரன் சைவமானாலும் ஆவான். அவர் எய்ய மாட்டார். ‘எய்தல் என்பது சோம்பேறியின் சூதாட்டம்’னு பாடப் புத்தகத்து முன்னுரையிலயே எழுதியிருக்கார். வாய்மொழித் தேர்வுல ஒரு பொண்ணு எய்தல் முறையில சரியான விடை சொன்னா. ‘வேட்டைக்காரர்களுக்கு இது இடமில்லை’ன்னு ஃபெயில் போட்டு அனுப்பினார்.”

“பாவம். என்ன ஆனா அந்தப் பொண்ணு?”

“உன்னை வேலைக்கு வெச்சா.”

துலியோ நாகரிகமாகச் சாலையிலேயே கண்ணை வைத்துக்கொண்டான். அதுவும் சிறிது நேரந்தான். ஹெர்மினியா படிப்பை விட்டது அந்த மதிப்பெண்ணுக்காக அல்ல. வாழ்நாள் முழுதும் லான்ஸானிகளுக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அன்று தெளிவாகத் தெரிந்தது. இப்போதும் எதிரேதான் உட்காருகிறாள். ஆனால் கேள்வி அவளுடையது.

“அப்ப யார் விட்டிருப்பா?”

“அந்த மாதிரி ஆளுங்க கணக்குப் போட மாட்டாங்க, போடச் சொல்லுவாங்க. எவனோ ஒரு மாணவன் குறுக்கு வழியில போட்டுக் குடுத்திருப்பான். இவர் தோல் அட்டை போட்டிருப்பார்.”

பின்னால் நினைத்துப் பார்க்கையில், அன்று தான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியம் இது ஒன்றுதான் என்று ஹெர்மினியா கணக்கிட்டாள்.

ஆய்வு நிலையத்தின் சுவரெங்கும் வேலைநிறுத்தச் சுவரொட்டிகள் பாதி கிழிந்து காற்றில் படபடத்தன. முதல் மாடி நடைவழியில் நாலைந்து ஆராய்ச்சி மாணவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெண், குடுவையில் புதிய இலையைக் கொட்டி, ஃப்ளாஸ்க்கிலிருந்து முதல் நீரை வார்த்து, தானே உறிஞ்சி, முகத்தைச் சுளித்துக்கொண்டாள். ஒவ்வொரு சுற்றிலும் முதல் வார்ப்பு அப்படித்தான்: வெதுவெதுப்பும் தூசியும் பொறுக்க முடியாத கசப்பும். அதை ஊற்றுகிறவர் தானே குடித்துத் தீர்த்துவிட்டு, இரண்டாவதைத்தான் அடுத்தவருக்கு நீட்ட வேண்டும். ஊரில் அதற்கு ‘மடையன் பங்கு’ என்று பெயர்.

அவள் பெயர் மிகாயெலா. லான்ஸானியின் மாணவி. இரண்டாவது வார்ப்பு, வந்த விருந்தாளி என்ற முறையில், துலியோவின் கைக்கு வந்தது.

“டாக்டரோட கணக்கையெல்லாம் யாரும்மா போடறது?” என்றாள் ஹெர்மினியா.

“நான்தான். வேற யாரு போடுவா?”

“இதையும் நீதான் போட்டியா?”

மிகாயெலா அறிக்கையின் அட்டையைப் பார்த்தாள்.

“இதை எனக்குக் காட்டவே இல்ல,” என்றாள். “ஆலை விவகாரம், கை வைக்காதேன்னுட்டார். எனக்கு இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி மேடம். அவர் கையெழுத்துப் போட்டாத்தான் நான் டாக்டர். இதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதீங்க.”

“இங்க எய்தல் முறையில யாரு கணக்குப் போடுவா?”

மாணவர்கள் சிரித்தார்கள்.

“இங்கயா? பாதிரியார் பள்ளியில போய் சாராயம் கேக்கற மாதிரி இருக்கு,” என்றாள் மிகாயெலா. “இங்க எல்லாம் ‘அனிபால்’தான்.”

“யாரது?”

“டாக்டரோட கம்ப்யூட்டர் ப்ரோக்ராம். வலை முறை. தன் பேரையே வெச்சிருக்கார்.”

“சொந்தப் பிள்ளைக்கு?” என்றான் துலியோ, உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு.

“அவனுக்கு ஊகோன்னு வெச்சார்.”

ஹெர்மினியா அவள் கையைக் கவனித்தாள். ஃப்ளாஸ்க் நடுங்கவில்லை. ஒன்று, இவள் உண்மை சொல்கிறாள். அல்லது, இந்த நிலையத்தில் லான்ஸானியைவிடத் தேர்ந்த பொய்யர் ஒருவர் உருவாகிவிட்டார். ஹெர்மினியா இரண்டாவதைத்தான் நம்பினாள். அந்த நம்பிக்கையோடுதான் நடைவழிக் கோடியில் இருந்த கதவைத் தட்டினாள்.

லான்ஸானியின் அறையில் மூன்று பொருள்கள் கண்ணில் பட்டன. அவர் வாங்கிய பதக்கங்கள், அவர் எழுதிய பாடநூலின் பதிப்புகள், அவற்றுக்கு நடுவே அவர். அவருக்கு ஹெர்மினியாவை நினைவில்லை. தான் தோற்கடித்தவர்களை எண்ணிவைக்கிற வழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

“சென்யோரா, இது ஆறாம் வகுப்புக் கணக்கு இல்ல. உங்களுக்கு விளக்கறதால எனக்குப் புண்ணியமும் இல்ல, உங்களுக்குப் பயனும் இல்ல. பேப்பர்ல இருக்கறதைப் படிச்சுட்டுப் போங்க.”

“படிச்சுட்டேன் டாக்டர். வலையோட முனை கம்பத்தை விட்டு விலகி நிக்குது.”

சர்க்கரைப் பொட்டலத்தைப் படத்தின் மேல் வைத்தாள். லான்ஸானி குனிந்து பார்த்தார். நிமிர அவருக்குத் தேவைக்கு மேல் நேரம் ஆயிற்று.

“அச்சுப் பிழை.”

“அச்சு இயந்திரம் ஒரு முனையில மட்டும் வாலைத் தூக்குமா டாக்டர்?” என்றான் துலியோ. “ரொம்பப் படிச்ச இயந்திரமா இருக்கும்.”

“இவர் யாரு?”

“என் உதவியாளர்,” என்றாள் ஹெர்மினியா. “அச்சுப் பிழையே இருக்கட்டும். ‘அனிபால்’ல மறுபடி ஒரு தடவை ஓட்டினா சரியான படம் வந்துடுமே. எண்களெல்லாம் அறிக்கையிலயே இருக்கு. ஓட்டுங்க, வாங்கிட்டுப் போயிடறோம்.”

“கணினி பராமரிப்புல இருக்கு.”

“இப்பத்தான் வெளிய ஒரு பையன் அதுல ஃபுட்பால் பாத்துக்கிட்டிருந்தான்,” என்றான் துலியோ. “ரெண்டுக்கு ஒண்ணு. நம்ம ஆளுங்க தோத்துக்கிட்டிருக்காங்க.”

லான்ஸானி எழுந்து ஜன்னலருகே போனார். திரும்பியபோது முகத்தில் வருத்தம் ஒன்றை அணிந்திருந்தார். அது அவருக்கு அளவெடுத்துத் தைத்ததாக இல்லை.

“சரி, சொல்லிடறேன். இந்தக் கணக்கை நான் போடல. என் மாணவி போட்டா. எனக்குத் தெரியாம எய்தல் முறையில போட்டிருக்கா. நம்பிக் கையெழுத்துப் போட்டேன். இளைய தலைமுறை, என்ன செய்யறது? அவ ஆராய்ச்சியை இதோட நிறுத்திடறேன். போதுமா?”

ஹெர்மினியா எதிர்பார்த்து வந்த பதில் இதுதான். கையில் கொடுக்கப்பட்டபோதுதான் அது எவ்வளவு இலேசாக இருக்கிறது என்று தெரிந்தது. இத்தனை சுலபமாக எதையும் கொடுக்கிறவர் அல்லர் லான்ஸானி.

அறைக் கதவு திறந்தே இருந்தது. மாத்தே சுற்று பேராசிரியரின் அறைவரை வருவது நிலையத்தின் வழக்கம். மிகாயெலா ஒரு கையில் ஃப்ளாஸ்க்கும் மறு கையில் குடுவையுமாக வாசலில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

“என்னைக்குப் போட்டேனாம்?” என்றாள்.

துலியோ அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். “‘கணக்கீடுகள் ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில், இந்நிலையத்தின் கணினியில் செய்யப்பட்டன.’”

“அந்த வாரம் ஸ்ட்ரைக்,” என்றாள் மிகாயெலா மெதுவாக. “நாங்க எல்லாரும் கேட்டுக்கு வெளிய கொட்டடிச்சுக்கிட்டிருந்தோம். வாட்ச்மேன்கூட எங்களோடதான் நின்னார். கதவைத் தன் சாவியால திறந்து உள்ள போனது ஒருத்தர்தான். பேராசிரியர்கள் கூட்டத்துல எழுந்து நின்னு சொன்னீங்களே டாக்டர், ‘கட்டடத்தில் என்னைத் தவிர ஈ, காக்கை இல்லாத அந்த ஒரு வாரந்தான் இங்கே வேலை நடந்தது’ன்னு. எல்லாரும் கேட்டாங்களே.”

ஹெர்மினியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எய்கிற வழக்கமுள்ளவனைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். தேடியிருக்க வேண்டியது, எய்தே ஆகவேண்டிய கட்டாயமுள்ளவனை. தன் வலையைத் தானே பயன்படுத்த முடியாமல் போன ஒருவனை.

“மிகாயெலா,” என்றாள், “‘அனிபால்’ ஓட ஆரம்பிக்கறப்ப முதல் ஊகத்தை யார் குடுக்கறது?”

“யாரும் குடுக்க முடியாது மேடம். அதுதான் அதோட பெருமையே. பயன்படுத்தறவனுக்கு ஊகிக்கற அறிவு இருக்காதுன்னு டாக்டர் அதுக்கு வழியே வைக்கல. குழாய் முழுக்கக் கொதிக்குதுன்னு அதுவா வெச்சுக்கிட்டு, அங்கேருந்து இறங்கி விடையைத் தேடும்.”

“ஓட்டிக் காட்டறியா?”

மிகாயெலா லான்ஸானியைப் பார்த்தாள். இரண்டு அத்தியாயமும் ஒரு கையெழுத்தும் அவளுக்கும் மேசைக்கும் நடுவே நின்றன. அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்து, ஃப்ளாஸ்க்கைப் பதக்கங்களின் பக்கத்தில் வைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எண்களைப் படிங்க.”

துலியோ குதிரைப் பந்தய அறிவிப்பாளன் குரலில் ஒவ்வொன்றாகப் படித்தான். லான்ஸானி “இது அத்துமீறல்” என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்வதற்குள் திரையில் கோடு விழுந்துவிட்டது. வாயு நுழையும் முனையிலேயே செங்குத்தாகக் கிளம்பி, உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்றது. வலது முனையில் மட்டமாக, வாலைச் சுருட்டிக்கொண்டு, விதிப்படி படுத்திருந்தது. அயாலாவின் ரியாக்டர் அன்று அதிகாலை எப்படி எரிந்ததோ அப்படி.

“இது வெறும் கணித விநோதம்,” என்றார் லான்ஸானி.

“அந்த விநோதம் இப்ப ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருக்கு,” என்றான் துலியோ.

ஹெர்மினியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாய்மொழித் தேர்வில் அவளை உட்காரவைத்ததும் அந்தப் பக்கத்து நாற்காலியில்தான்.

“நான் சொல்றேன் டாக்டர், தப்பிருந்தாத் திருத்துங்க. முதல்ல ‘அனிபால்’லதான் ஓட்டினீங்க. நெருப்பைப் பிடிச்சுக் குடுத்தது. ஆலைக்குப் பிடிக்காத மீன். ஊகத்தை மாத்த வழியில்ல, நீங்களே வைக்கல. பசங்களைக் கூப்பிட்டு ப்ரோக்ராம மாத்தச் சொன்னா, ஏன்னு கேப்பாங்க. அதனால கட்டடம் காலியா இருந்த வாரத்துல, வாழ்க்கை பூரா காறித் துப்பின வில்லைக் கையில எடுத்தீங்க. சாந்தமான விடையைப் பார்த்து எய்தீங்க. பழக்கம் இல்லாத கை. முனை கொஞ்சம் தப்பிடுச்சு.”

“நிரூபிக்க முடியுமா?”

“நீங்களே நிரூபிச்சுட்டீங்க. ‘எய்தல் முறை’ன்னு ரெண்டு வார்த்தை எழுதியிருந்தா, ‘முதல் அம்பே குறியில விழுந்தது, வேற விடை இருக்கறது எனக்குத் தெரியாது’ன்னு சாதிச்சிருக்கலாம். யாரும் உங்களை அசைச்சிருக்க முடியாது. உங்களால எழுத முடியல. ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்ப உங்க கை கூசல டாக்டர். எய்தேன்னு எழுதக் கூசிடுச்சு. ‘உலகறிந்த வலை’ன்னு எழுதினீங்க. வலையில போட்டா வரவே வராத விடைக்குக் கீழ வலைன்னு எழுதியிருக்கு. அப்ப வலையில என்ன வந்ததுன்னு உங்களுக்குத் தெரியும்.”

லான்ஸானி பதக்கங்களைப் பார்த்தார். அவை உதவிக்கு வரவில்லை.

“நாளைக்குக் காலையில நீங்களா நீதிபதிகிட்டப் போய் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கோங்க. இல்லன்னா ‘அனிபால்’ சாட்சிக் கூண்டுல ஏறும். அது பொய் சொல்லாது. உங்ககிட்ட நல்லதா இருக்கறது அது ஒண்ணுதான்.”

“டாக்டர் பட்டம்கூட இல்லாத ஒரு பொண்ணு ஓட்டிக் காட்டினா, கோர்ட் நம்பும்னு நினைக்கறீங்களா?”

மிகாயெலா குடுவையிலிருந்த பழைய இலையைக் குப்பைக் கூடையில் தட்டினாள். புதிய இலையைக் கொட்டினாள். குழலைச் செருகினாள். முதல் நீரை வார்த்தாள். அதற்குள் நடைவழியில் இருந்தவர்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டிருந்தார்கள். அவள் குடுவையைத் தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையை நேராக நீட்டி லான்ஸானியிடம் கொடுத்தாள்.

எதையும் முதலில் பெற்றே பழகியவர் அவர். கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. உறிஞ்சினார். பாதி வழியில்தான் அது எந்த வார்ப்பு என்பது அவருக்குப் புலப்பட்டது. வாசலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். துப்ப இடம் இல்லாததால் விழுங்கினார்.

“இலை எப்படி டாக்டர்?” என்றான் துலியோ. “பொடி கொஞ்சம் தூக்கலோ?”

ஹெர்மினியா எழுந்தாள். வாசலில் திரும்பி மிகாயெலாவிடம், “உன் ஆராய்ச்சிக்குக் கையெழுத்து?” என்றாள்.

“அந்தக் கையெழுத்து இனி எதுக்கு மேடம் ஆகும்? வேற ஊர்ல வேற ஆள் பார்த்துக்கறேன்.” அவள் குடுவையை லான்ஸானியின் கையிலிருந்து திரும்ப வாங்கி, விளிம்பைத் துடைத்தாள். “நாளைக்கு கோர்ட்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாலை வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அயாலா வாசலிலேயே நின்றுவிட்டான். அவனை வண்டியிலிருந்து இறக்குவதற்கே துலியோ பாதி ஊர்க்கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஹெர்மினியா மட்டும் ரோலோனின் மனைவி தெல்மாவின் அருகே போனாள். ஆறுதல் சொல்வது அவளுக்கு வராது. அந்த வேலைக்குத் திறமை தேவையில்லை என்று நினைப்பவர்களையும் அவளுக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொன்னாள். வால்வை யாரும் தொடவில்லை. அப்படி எரியக்கூடும் என்பது கணக்குப் போட்டவருக்குத் தெரியும். நாளை அதை அவரே சொல்வார், அல்லது அவருக்காகச் சொல்லப்படும்.

தெல்மா அவள் பக்கம் திரும்பினாள்.

“படிச்சவர்தானே அவரு?”

“நிறைய.”

தெல்மா காலடியில் இருந்த ஃப்ளாஸ்க்கை எடுத்தாள். குடுவையில் புதிய இலை போட்டு, முதல் நீரை வார்த்து, தானே குடித்தாள். கசப்பில் கண்கள் சுருங்கின. அல்லது கசப்பில்தான் என்று வராந்தாவில் இருந்தவர்கள் வைத்துக்கொண்டார்கள். மறுபடி வார்த்தாள். பக்கத்தில் இருந்த மைத்துனன் வழக்கப்படி கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டி, வாசல்வரை நடந்து போய், குடுவையை அயாலாவின் முன் நீட்டினாள்.

“சூடா இருக்கு,” என்றாள். “பார்த்துக் குடி.”

அயாலா இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.